கடல் பழுப்பாக இருந்ததற்கு யாரிடம் கேட்பது?

கேள்வி:

வணக்கம். அம்மா அப்பாவின் நாற்பதாவது திருமண நாளுக்காக ஜூலையில் ஆறு பேராக டொமினிக்கன் குடியரசின் புன்ரா கானாவுக்குப் போனோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்பா. சாப்பாடு, குடிபானம் எல்லாம் அடங்கிய ஐந்து நட்சத்திர ஹொட்டேல், ஏழு இரவு, மொத்தம் 11,240 டொலர். இரண்டு வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. போய் இறங்கிய அன்றே மனம் விட்டுப்போனது. கடற்கரை முழுக்கப் பழுப்புப் பாசி, அழுகின முட்டை மணம். கடல் தெரியும் அறைக்கென்று 840 டொலர் கூடக் கட்டியிருந்தோம். தந்த இரண்டு அறையிலிருந்தும் தெரிந்தது கட்டட வேலைதான். காலை ஏழரைக்கே இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரிய நீச்சல் தடாகம் மூடிக்கிடந்தது. பக்கத்துப் பக்கத்து அறை கேட்டிருந்தும் அம்மா அப்பாவுக்கு வேறு கட்டடத்தில் தந்தார்கள். அம்மா சைவம், ஏழு நாளும் பொரித்த உருளைக்கிழங்கும் பழமும்தான் சாப்பிட்டா. மூன்றாம் நாள் சின்னவனுக்கு வயிற்றோட்டம், ஹொட்டேல் டொக்டருக்கு 310 அமெரிக்க டொலர். அம்மாவின் வெள்ளி மிஞ்சிகூடக் கறுத்துப்போனது, தண்ணீரில் என்னத்தைக் கலந்தார்களோ. முறைப்பாடு சொன்னபோது பிரதிநிதி ஒரு ஸ்பா கூப்பன் தந்தார். நாங்கள் வந்து பத்து நாள் ஆகிறது. முழுக் காசையும் திருப்பிக் கேட்கலாமா? முகவர் மேல் வழக்குப் போடலாமா? அம்மா, "பரவாயில்லை பிள்ளை, நல்லாத்தான் இருந்தது" என்கிறா. அதைக் கேட்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது.

ஒரு வாசகி, மார்க்கம், ஒன்ராறியோ

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அம்மாவின் மிஞ்சி. தண்ணீரில் யாரும் எதுவும் கலக்கவில்லை. கரையில் குவிந்த பாசி இரண்டொரு நாளில் அழுகத் தொடங்கும். அப்போது ஐதரசன் சல்பைட் என்ற வாயு கிளம்பும். நீங்கள் எழுதிய அழுகின முட்டை மணம் அதனுடையதுதான். வெள்ளியில் அது பட்டால் கறுக்கும். நானும் ஒரு பயண முகவர்தான், அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் சங்கிலி, கொலுசு என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். மிஞ்சியை அதில் படும்படி வைத்து, இரண்டு கரண்டி அப்பச் சோடா போட்டு, கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கறுப்பு இறங்கிவிடும். கல் பதித்த மிஞ்சியென்றால் இது வேண்டாம், திருநீறு தொட்டு மெல்லிய துணியால் தேய்த்தாலே போதும்.

மிஞ்சியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மனத்தாங்கல்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, "முழுக் காசையும் தா" என்று கேட்க நினைக்கிறீர்கள். மூட்டையாகக் கொடுத்தால் மூட்டையாகவே திருப்பி அனுப்புவார்கள், கூடவே இன்னொரு கூப்பனும் வரும். அவிழ்த்துப் பிரித்தால்தான் கையில் ஏதும் கிடைக்கும். மிஞ்சி கறுத்தது, கடல் பழுப்பானது, மணம் அடித்தது மூன்றும் ஒரே பாசியின் வேலை. அதை ஹொட்டேல் கொண்டுவரவில்லை. கட்டட வேலையை ஹொட்டேல் கொண்டுவந்தது. கடல் தெரியும் என்று சொல்லி 840 டொலரை ஒருவர் வாங்கிக்கொண்டார். உங்கள் வழக்கு நிற்கப்போவது இந்த இரண்டிலும்தான்.

ஆனாலும் பாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் சனம் அதே கரைக்குப் போய் அதே கண்ணீரோடு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பெயர் சர்காசம். பாறையிலோ மணலிலோ ஒட்டி வளராது, பிறந்தது முதல் மிதந்தே வாழும். ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மிளகளவு மணிகள் இருக்கும். அவை காற்றுப் பைகள், நசுக்கினால் டப்பென்று வெடிக்கும். வட அத்திலாந்திக்கின் நடுவில் இது என்றைக்கும் இருந்ததுதான், கொலம்பஸின் கப்பல்களே அதற்குள்ளால் போயிருக்கின்றன. புதிதாக நடந்தது 2011-இல். அந்த வருடம் தெற்கே, மேற்கு ஆபிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் இடையில் பெருந்திரளாகப் பெருகி, தீவுகளின் கரைகளில் வந்து ஒதுங்கியது. அதன் பிறகு அநேகமாக ஒவ்வொரு வருடமும் வருகிறது. தென் புளோரிடா பல்கலைக்கழகம் செய்மதிப் படங்களை வைத்து மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறது. 2025 மே மாதத்தில் அவர்கள் கண்ட அளவு ஏறக்குறைய 3 கோடியே 75 இலட்சம் தொன். அதுவரை அவ்வளவு பதிவானதில்லை.

அங்கே காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, நீரோட்டமும் அப்படித்தான். ஆகவே கிழக்கு நோக்கிய கரைகள்தான் முதலில் அடிவாங்கும். டொமினிக்கன் குடியரசில் புன்ரா கானாவும் பாவரோவும் அப்படிப்பட்டவை. மெக்சிக்கோவில் கன்கூனிலிருந்து துலும் வரைக்கும் உள்ள கரையும் அப்படித்தான். மார்ச்சில் தொடங்கி, மே, ஜூன், ஜூலையில் உச்சத்துக்குப் போய், ஒக்ரோபரில் தணியும். எங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை சரியாக அந்த உச்சத்தில் வந்து விழுகிறது. ஜூலையில் பக்கேஜ் மலிவாகக் கிடைப்பதற்கு வெயிலும் சூறாவளிப் பருவமும் மட்டுமல்ல, இந்தப் பாசியும் ஒரு காரணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூனில் என் குடும்பத்தோடு பாவரோவில் நின்றேன். விடிய ஐந்தரைக்கு நித்திரை வராமல் கரைக்குப் போனால், இருட்டுக்குள் பதினைந்து இருபது பேர் முள்ளுக்கரண்டி போன்ற நீட்டுக் கவர்களால் பாசியை வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் ஈரம். ஒரு இளந்தாரி மூக்கில் துணி கட்டியிருந்தான். ஏழு மணிக்குக் கரை வெள்ளையாக இருந்தது. படம் எடுக்க வந்தவர்களுக்கு அந்த வெள்ளை மணல் கிடைத்தது. பத்து மணிக்கு அலை இன்னொரு பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து போட்டது. அடுத்த நாள் விடியவும் அதே ஆட்கள், அதே தள்ளுவண்டி. அதைப் பார்த்த பிறகு, பாசிக்காக ஹொட்டேல்காரரோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வருவதில்லை.

சண்டை பிடிக்க வேண்டியது வேறொன்றுக்கு. ஜூலையில் புன்ரா கானா விற்கும் முகவர் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். நான் சொல்வேன், சொன்னால் பாதிப் பேர் திகதியை மாற்றுவார்கள், மீதிப் பேர் தெரிந்துகொண்டே போவார்கள். உங்கள் முகவர் சொல்லவில்லை என்றால் அது பிழை, அவரிடம் நேரே கேளுங்கள். ஆனால் உங்கள் உரிமைக் கோரிக்கையில் பாசியை முதலாவதாகப் போடாதீர்கள். இயற்கையால் வருவதற்குப் பொறுப்பில்லை என்ற வரி, முகவர் விற்கிற பக்கேஜைத் தயாரிக்கும் பயண நிறுவனங்களின் நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும். நீங்கள் பாசியில் தொடங்கினால் அவர்கள் அந்த வரியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள்.

இப்போது கடல் தெரியாத அறை. உங்கள் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அறை வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? "கடல் தெரியும்" என்று உறுதிப்படுத்தி, அதற்குக் காசும் வாங்கியிருந்தால், அந்த 840 டொலர் உங்களுடையது. இதில் பேரமே இல்லை. "பகுதி கடல் தெரியும்" என்று இருந்தால் கொஞ்சம் வாதாட வேண்டிவரும். பல்கனியின் மூலையில் கழுத்தை நீட்டினால் ஒரு கீற்று நீலம் தெரிகிற அறையைக்கூட அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

பக்கத்துப் பக்கத்து அறை வேறு விசயம். அநேகமாக உங்கள் சீட்டில் அது "வேண்டுகோள்" என்ற சொல்லோடுதான் இருக்கும். எங்கள் தொழிலில் வேண்டுகோள் என்றால் ஹொட்டேலுக்குச் சொல்லியாயிற்று, கிடைத்தால் கிடைக்கும் என்பதுதான். அறை எண் ஒதுக்குவது ஹொட்டேலின் முன்மேசை, அதுவும் நீங்கள் போய் இறங்குகிற அன்றைக்கு. வயதான தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்கு மனவருத்தம். ஆனால் இதற்குக் காசு கேட்க முடியாது. கடிதத்தில் ஒரு வரியாக மட்டும் எழுதுங்கள்.

கட்டட வேலையும் மூடிய நீச்சல் தடாகமும்தான் உங்கள் கையில் இருக்கும் பலமான துருப்பு. ஒரு ஹொட்டேல் பெரிய தடாகத்தை மூடி இடிப்பு வேலை செய்வது ஒரே இரவில் முடிவாகிற காரியமில்லை. ஹொட்டேலுக்குத் தெரியும். பயண நிறுவனத்துக்கும் பெரும்பாலும் அறிவித்திருப்பார்கள். ஒன்ராறியோவின் பயணத்துறைச் சட்டம் இதில் உங்கள் பக்கம் நிற்கிறது. விற்கும்போது சொன்ன விபரத்தில் பிறகு மாற்றம் வந்து, அது தெரிந்திருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்களா என்பதையே பாதிக்கக்கூடியதாக இருந்தால், பதிவுபெற்ற முகவரும் நிறுவனமும் தெரியவந்த உடனேயே உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "காசு எவ்வளவு தருவீர்கள்" என்பதில்லை. "கட்டட வேலை பற்றி ஹொட்டேல் உங்களுக்கு எந்தத் திகதியில் அறிவித்தது?" என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். முகவரிடம் ஒரு கடிதம், பயண நிறுவனத்துக்கு இன்னொன்று. இருவரும் வேறு வேறு திகதி சொன்னால் அந்த முரண்பாடே உங்களுக்குச் சாட்சி.

ஐந்து நட்சத்திரத்தை வைத்து வாதாட வேண்டாம். உலகம் முழுக்கப் பொதுவான நட்சத்திர அளவுகோல் என்று ஒன்று கிடையாது. கனடாவில் விற்கிற பக்கேஜ்களில் நட்சத்திரம் போடுவது பெரும்பாலும் அந்தந்தப் பயண நிறுவனமே. ஒரே ஹொட்டேலுக்கு ஒருவர் நாலரை கொடுப்பார், மற்றவர் ஐந்து கொடுப்பார்.

எவ்வளவு கேட்பது? முழு 11,240-ஐயும் கேட்காதீர்கள். விமானம் உங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது, ஏழு இரவு படுத்தீர்கள், சாப்பாடும் இருந்தது. முழுத்தொகை கேட்கிற கடிதத்தை வாசிக்கிறவர் இரண்டாம் பந்திக்கே வரமாட்டார். நானாக இருந்தால் இப்படிக் கேட்பேன். அறைக்குக் கூடக் கட்டிய 840 டொலர் முழுதாக. தடாகம் மூடியிருந்ததற்கும் காலையிலிருந்து இடிப்புச் சத்தத்துக்கும் தங்குமிடச் செலவில் மூன்றிலொரு பங்கு. பக்கேஜில் விமானத்தையும் தங்குமிடத்தையும் பிரித்துக் காட்ட மாட்டார்கள் என்பதால், அதே திகதிக்கு ரிக்கற் மட்டும் என்ன விலை போனது என்று தேடிக் கழித்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். இதற்கு மேல், ஒரு திருமண நாள் கெட்டதற்கு ஒரு தொகை. எல்லாம் சேர்த்து 3,500 டொலருக்குப் பக்கத்தில் வரும். 2,000-க்கு மேல் காசாகத் தருகிறோம் என்றால் யோசித்து ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்பா கூப்பன் போல "அடுத்த பயணத்தில் 500 டொலர் கழிவு" என்று அனுப்புவார்கள். அதை வாங்கும்போது "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற பத்திரத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால் வைக்க வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கோபம் வேண்டாம், பெயரடைகள் வேண்டாம், திகதியும் மணியும் வேண்டும். "ஜூலை இத்தனையாம் திகதி காலை 7.32-க்கு எங்கள் அறைப் பல்கனியிலிருந்து எடுத்த காணொளி" என்று ஒரு வரி, பத்து வரிக் கோபத்தை விட வேலை செய்யும். உங்கள் தொலைபேசியில் உள்ள படங்களில் நேரமும் இடமும் பதிவாகியிருக்கும், அவற்றை வெட்டித் திருத்தாமல் மூலப் பிரதியாகவே வைத்திருங்கள். பிரதிநிதியோடு வாட்ஸ்அப்பில் கதைத்திருந்தால் அதையும் படம் பிடியுங்கள். ஸ்பா கூப்பனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் அங்கேயே முறைப்பாடு செய்தீர்கள், ஏதோ பிழை நடந்தது என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்தத் துண்டுதான் அத்தாட்சி. அங்கேயே சொல்லாமல் வீட்டுக்கு வந்து எழுதுகிறவர்களிடம் நிறுவனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போதே சொல்லியிருந்தால் அறையை மாற்றித் தந்திருப்போமே" என்பது. உங்களிடம் அதைக் கேட்க முடியாது.

சின்னவனின் டொக்டர் செலவை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். அது பயணக் காப்புறுதிக்கு உரியது, வேறாக விண்ணப்பியுங்கள். தனியாகக் காப்புறுதி எடுக்கவில்லை என்றால், பயணத்தைக் கட்டிய கிரெடிட் கார்ட்டில் மருத்துவக் காப்புறுதி சேர்ந்திருக்கிறதா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். பலருக்கு இருப்பதே தெரியாது. ஹொட்டேல் சாப்பாட்டால்தான் வயிற்றோட்டம் வந்தது என்று நிரூபிப்பது கடினம். தடாகத்துத் தண்ணீர், கை, மற்றப் பிள்ளைகள், எதிலிருந்தும் வந்திருக்கலாம். இப்போது பிள்ளை சுகம்தானே? இன்னும் வயிறு சரியில்லை என்றால் குடும்ப வைத்தியரிடம், "டொமினிக்கன் போய் வந்தோம்" என்று சொல்லிக் காட்டுங்கள்.

நிறுவனம் மறுத்தால் அடுத்த படி டைக்கோ என்று நாங்கள் சொல்கிற ஒன்ராறியோ பயணத்துறை மன்றம். உங்கள் முகவரின் பதிவெண் பற்றுச்சீட்டில் இருக்கும். மன்றம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று கதைக்கும். ஆனால் இவ்வளவு கொடு என்று கட்டளையிட அதற்கு அதிகாரமில்லை. அதன் இழப்பீட்டு நிதியைப் பற்றிப் பலருக்குப் பிழையான எண்ணம் இருக்கிறது. அது பதிவுபெற்ற நிறுவனம் முறிந்து போனால் காசைத் திருப்பித் தருவதற்கு, கடல் பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல. கிரெடிட் கார்ட் நிறுவனத்திடமும் பிணக்குப் போடலாம், ஆனால் கிடைக்காத சேவைக்கான தொகையை மட்டும், அதாவது அந்த 840-ஐ. போய்த் தங்கி வந்த பயணத்தின் முழுத்தொகைக்கும் போட்டால் தோற்பீர்கள்.

கடைசிப் படி சிறு கோரிக்கை நீதிமன்றம். சட்டத்தரணி இல்லாமலே போகலாம். 2025 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவில் அதன் உச்சவரம்பு 50,000 டொலர், ஆகவே உங்கள் தொகைக்கு அதுவே இடம். பொதுவாக இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முகவர் மேல் மட்டும் போடுவதா என்று கேட்டீர்கள். அந்த முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். கட்டட வேலை அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது பதில் கடிதத்தில்தான் வெளிக்கும். தெரியாதென்றால் அவரும் உங்களைப் போல ஏமாந்தவர், உங்களோடு சேர்ந்து நிறுவனத்தைக் கேட்க வேண்டியவர். தெரிந்தும் மறைத்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்துப் போடுங்கள்.

"திருமண நாள் கெட்டதற்கு ஒரு தொகை" என்று மேலே எழுதியதை வாசித்து, மனவருத்தத்துக்கெல்லாம் காசு தருவார்களா என்று யோசித்திருப்பீர்கள். தருவார்கள். இங்கிலாந்தில் ஜார்விஸ் என்ற ஒருவர் 63 பவுணும் சில்லறையும் கட்டி, சுவிற்சர்லாந்துக்கு இரண்டு கிழமை விடுமுறை போனார். விருந்துக் குழு இருக்கும், பின்னேரங்களில் சுவிஸ் பலகாரம் கிடைக்கும், பாட்டுக் கச்சேரி நடக்கும் என்று விளம்பரம். முதல் கிழமை பதின்மூன்று பேர் இருந்தார்கள், இரண்டாம் கிழமை அவர் தனியாள். பாட்டுக்காரர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். 1972-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 125 பவுண் கொடுக்கச் சொன்னது, அவர் கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒப்பந்தமே மகிழ்ச்சிக்காகத்தான் என்றால், மகிழ்ச்சி கிடைக்காததும் ஒரு நட்டமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கனடா உச்ச நீதிமன்றமும் 2006-இல் ஒரு காப்புறுதி வழக்கில் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியிருக்கிறது. பெரிய தொகை வராது. ஆனால் நீங்கள் கேட்பது பிச்சையல்ல, சட்டம் மதிக்கிற ஒன்று. கடிதம் எழுதும்போது அந்தத் திடம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அதுதான். இதற்கு நட்டஈடு கிடைக்காது. ஆனால் இது நடக்காமல் தடுத்திருக்கலாம்.

டொமினிக்கன் சாப்பாடு எங்கள் சாப்பாட்டுக்கு மிகவும் கிட்டவாக இருக்கிறது. சோறும் அவரை வகையும்தான் தினசரி உணவு. மரவள்ளிக்கிழங்கை யூக்கா என்று அவித்து வைப்பார்கள். மரவள்ளி அந்தப் பக்கத்திலிருந்துதான் யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது. காலையில் மங்கூ என்று ஒன்று இருக்கும். வாழைக்காயை அவித்து, மசித்து, மேலே வினாகிரியில் வதக்கிய சிவப்பு வெங்காயம் போட்டுத் தருவார்கள். பக்கத்தில் இருக்கும் இறைச்சியையும் முட்டையையும் வேண்டாம் என்றால் அம்மா தாராளமாகச் சாப்பிட்டிருப்பா. பச்சை வாழைக்காயைத் தட்டையாக்கி இரண்டு தரம் பொரிப்பது தொஸ்தோனேஸ்.

பிழைக்கிற இடம் வேறு. சோற்றைக் கோழிக் கட்டிச் சாறு போட்டு ஆக்குவார்கள். அவரையில் பன்றித் துண்டு கிடக்கும். "இது சைவமா?" என்று கேட்டால், இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் "ஓம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கோழிச் சாற்றை அவர்கள் இறைச்சியாகக் கணக்கெடுப்பதில்லை. ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். போய் இறங்கிய அன்றே, சாப்பாட்டு நேரம் இல்லாத வேளையில், பஃபே மண்டபத்துப் பொறுப்பாளரைக் கேட்டு, குசினியிலிருந்து செஃப்பைக் கூப்பிடுங்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள்: "சோய் பெஹெதரியானா. நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ. சின் கால்தோ தே போயோ, போர் ஃபவோர்." நான் சைவம், இறைச்சியோ கோழியோ மீனோ சாப்பிடுவதில்லை, கோழிச் சாறும் போட வேண்டாம், தயவுசெய்து. கடைசி வரிதான் முக்கியம். என்னிடம் வருகிற சைவக் குடும்பங்களுக்கு இந்த வரிகளை அட்டையில் அடித்துக் கொடுக்கிறேன். ஒரு அம்மா போய் வந்து சொன்னா, மூன்றாம் நாளிலிருந்து அந்த செஃப் தானாகவே ஒரு சட்டியில் வெறும் சோறும் வதக்கிய கத்தரிக்காயும் கொண்டுவந்து மேசையில் வைத்தாராம். அந்த ஊரில் கேட்கத் தெரிந்தால் செய்கிற மனம் இருக்கிறது.

அடுத்த முறை எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒருநாள் கேட்பீர்கள். பள்ளி விடுமுறை தவிர வேறு வழியில்லை என்றால், மார்ச் விடுமுறைக் கிழமையை எடுங்கள். ஜூலையை விட விலை கூட, ஆனால் பாசி குறைவு. ஜூலைதான் முடியும் என்றால் கிழக்கு நோக்காத கரையாகப் பாருங்கள். அதே டொமினிக்கனில் பயஹிபே தென்கிழக்கில் கரீபியன் கடல் பக்கமாக இருக்கிறது, அங்கே பாசி ஒப்பீட்டில் குறைவு, கடலும் அமைதி. ஜமெய்க்காவின் நெக்ரில் மேற்குப் பக்கம். அரூபாவின் ஈகிள் கடற்கரையும் மேற்கு நோக்கியது, அதோடு சூறாவளிகள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருக்கிறது, விலைதான் கடிக்கும். கியூபாவின் வரதேரோ வடக்குக் கரை, மணலுக்குக் குறைசொல்ல முடியாது. ஆனால் 2024 ஒக்ரோபரில் நாடு முழுக்க மின்சாரம் விழுந்ததிலிருந்து, வயதானவர்களோடு அங்கே போக நான் யாருக்கும் சொல்வதில்லை.

அம்மா "நல்லாத்தான் இருந்தது" என்று சொன்னதை நீங்கள் பொய்யென்று எடுத்துக்கொள்கிறீர்கள். இருபது வருடமாக இந்த மேசையில் இருந்து எத்தனையோ பெற்றோரை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது கேட்டிருக்கிறேன். அவர்கள் கடலைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. பேரப்பிள்ளையோடு ஒரு கட்டிலில் படுத்ததை, மருமகன் தோளில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை, பிள்ளை தங்களுக்காகக் கவுண்டரில் நின்று வாதாடியதைச் சொல்வார்கள். அம்மாவிடம் "என்ன நல்லா இருந்தது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வரும்.

இந்தப் பதில் அச்சில் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று, இதன் பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கு இன்றே அனுப்பியிருக்கிறேன். காரணம், எழுத்து மூல முறைப்பாடு திரும்பி வந்து 30 நாளுக்குள் வர வேண்டும் என்று பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பத்து நாள் போய்விட்டது. இந்தச் சனி ஞாயிறில் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். பற்றுச்சீட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அறை வகை எழுதிய வரி தெளிவாகத் தெரிய வேண்டும். திங்கள் காலை வாசித்துத் திருத்தித் தருகிறேன்.